இருபது பேர் நடந்த என் நடை

எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரி முற்றத்தில் நடன விழா. சென்னையிலிருந்து வந்த நடன இயக்குநர், "தினமும் செய்யற வேலையே நடனம்தான். கொழுந்து பறிக்கிறதையே ஆடுங்க" என்றார்.

"ஏனுங்க, லீவு நாள்லயும் கொழுந்து பறிக்கோணுங்களா?" என்று தொழிலாளிப் பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் அவர்கள் ஆடியது என் நடையை. அவர்களின் கொழுந்தை நிறுக்கும் சூப்பர்வைசர் நான். குடையை அக்குளில் இடுக்கி, தொப்பையை முன்னே அனுப்பி, ஈரச் சரிவில் வழுக்கிவிட்டு வழுக்காததுபோல் நிமிர்ந்துகொண்டு இருபது பேர் வந்தார்கள். விசில் பறந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ரோஷமும் பொத்துக்கொண்டு வந்தது. மேடையேறி ஒரு குடையைப் பிடுங்கி, அசல் நடையை நானே நடந்து காட்டினேன்.

முதலில் நின்ற பெண் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க இப்படி நடக்க மாட்டீங்க சார். எம் பின்னாலயே வாங்க, சொல்லித் தர்றேனுங்க."