இஞ்சின் மூடியைத் தேய்த்த தாஸிம்

ஒரு பொருளைச் சிறிதாக்கி அதன் பலத்தைப் பெரிதாக்க முடியுமா? இலங்கையின் பதுளைத் துணிக்கடைக்காரர் தாஸிமின் வாழ்க்கை கேட்ட கேள்வி அதுதான். அவர் ஒன்றும் ஞானி அல்லர். ஒரு பழைய பஸ் வைத்திருந்தார், அவ்வளவே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. பதுளைச் சந்தைக்கு வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களை அவர் ஹாலிஎல வழியாகத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். வழியில் ஒரு மேடு. அங்கே பஸ் முனகி நின்றுவிடும். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடப்பார்கள். அதே வழியில் போட்டிக்கு ஓடும் நல்லையாவின் பஸ்ஸோ ஆட்களோடு ஏறிவிடும்.

“என்னா நானா, நடக்கிறதுக்கும் டிக்கட்டா?” என்று தாஸிமைப் பார்த்துக் கத்திக்கொண்டே நல்லையா முந்திப் போவார்.

ஆட்கள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இப்படியே போனால் பஸ்ஸை விற்க வேண்டியதுதான்.

பெட்ரோல் ஆவி எரியும் அறை சிறுத்தால் இஞ்சின் இன்னும் வலுவாக உந்தும் என்று ஒரு மோட்டார்காரர் சொல்லியிருந்தார். தாஸிம் கடை அலமாரியின் தடித்த கண்ணாடியைக் கழற்றினார். அதன்மேல் எண்ணெயில் குழைத்த சாணைப்பொடியைத் தடவி, இஞ்சினின் இரும்பு மூடியைக் கவிழ்த்துத் தேய்த்தார். மூடி தேயத் தேய அந்த அறை சிறுக்கும்; கூடுதலாகத் தேய்ந்தால் உள்ளே மேலெழும் வால்வுகள் மூடியில் இடித்து எல்லாம் நொறுங்கும்.

“ரொட்டிக்குக் குழைச்ச மா எங்க?” என்று மனைவி மர்லியா கேட்டாள்.

“இஞ்சினுக்குள்ள ஈக்கி.”

“அல்லாஹ்வே! அதுக்கும் பசிக்குதா?”

வால்வுகளின்மேல் மாவை அப்பி, மூடியைப் பூட்டி, கையால் சுற்றிப் பார்த்தார். திறந்தபோது மாவு வெற்றிலைக் கனத்துக்கு நசுங்கியிருந்தது. மிச்சம் இருந்த இடைவெளி அவ்வளவுதான். அதோடு தேய்ப்பதை நிறுத்திக்கொண்டார். கணக்கு மோசமில்லை.

சம்பள ஞாயிறன்று பஸ் நிறைய ஆள். மேடு வந்ததும் கொழுந்து பறிக்கும் இராக்கம்மா இறங்கி நடக்கும் பழக்கத்தில் எழுந்தாள்.

“உக்காரு புள்ள!” என்றார் தாஸிம்.

இஞ்சின் டக்டக்கென்று இடித்தது. தாஸிம் நெம்புகோலை இழுத்துத் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தினார். சத்தம் அடங்கியது. பஸ் நல்லையாவை முந்திக்கொண்டு ஏறியது.

“நல்லையாண்ணே, எறங்கித் தள்ளட்டுமா?” என்று இராக்கம்மா கூவினாள். பஸ்ஸே குலுங்கச் சிரித்தது.

சில வாரங்களில் நல்லையாவின் பஸ் காலியாக ஓடியது. ஒருநாள் அவர் தம் இஞ்சின் மூடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். மூடியை நீட்டினார்.

“வித்தையச் சொல்லிக் குடுத்துடாதீங்க!” என்றாள் மர்லியா உள்ளிருந்து.

தாஸிம் மூடியை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணாடிமேல் கவிழ்த்தார். தம் மூடியைத் தேய்த்த அதே கனத்துக்குத் தேய்த்தார். ஏன் என்று மர்லியா எத்தனையோ முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் கொஞ்சம் மா கேட்டார்.