நின்றுபோன ஜெபமாலை

சேவியர் அண்ணனைக் காவல் நிலையம் கொன்றது. கொன்று முடிக்க ஏழு ஆண்டு பிடித்தது. போன செவ்வாய் மத்தியானம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் லாரி நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி ஜெயமேரி அக்கா போன் செய்தார். "உங்க அண்ணன் பூட்டாருப்பா. கிட்னி நின்னுபோச்சு."

யார்டில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தத் தட்டல் தெரியும். லாரி வராத நேரத்தில் கட்டைவிரலால் எழுதும் அட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார். இருபத்துமூன்று தட்டு. பின்னாலிருந்து யாரோ கை ஓங்கியதுபோல் தோள் குலுங்கும். விரல் நின்றுவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

"இன்னாண்ணே, இருபத்தினாலு உனக்கு ஆவாதா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"மீதி ஸ்டேஷன்ல கீதுடா" என்றார். சிரிக்கவில்லை.

அன்றுதான் சொன்னார். எர்ணாவூர் குடியிருப்பில் அக்டோபர் மாதம் வீடு வீடாக ஜெபமாலை சொல்வார்கள். அவர் வீட்டு முறை வந்த அன்று, மதம் மாற்றுகிறார் என்று எவனோ புகார் கொடுத்தான். போலீஸ்காரர்கள் வந்து அவரை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மண்டியிட வைத்து, அவர் ஜெபமாலையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். "சொல்லு. உங்க மாதா வர்றாங்களா பாக்கலாம்." மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் அடி, இடுப்பில். இருபத்துமூன்றாவது மணியில் அவர் வாயை மூடினார். அடியும் நின்றது. மாலையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளினார்கள். அன்றிலிருந்து சிறுநீரில் இரத்தம்.

"அடிச்சதுகூட பரவால்லடா. நானே நிறுத்திட்டேன் பாரு" என்றார். அடித்தவர்களுக்கு இல்லாத வெட்கத்தை அவர் சுமந்தார்.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஸ்டேஷனுக்குப் போய் மாலையைக் கேட்பார். "எந்த மாலை? நீ இங்க வந்ததே இல்லையே" என்பார்கள். பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. மாலையைக் கொடுத்தால் அவர் அங்கே இருந்தார் என்று ஆகிவிடும்.

இறந்தவர் கையில் அவருடைய ஜெபமாலையைச் சுற்றுவது அவர்கள் வழக்கம். மாதா கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் புதிதாக ஒன்று கொண்டுவந்தார். "வாணாம். அவருது வரட்டும்" என்றார் அக்கா. குளிர்பெட்டிக்குள் அந்த விரல்கள் மணியைப் பிடித்ததுபோலவே மடங்கியிருந்தன.

உபதேசியார் ஜெபமாலை தொடங்கினார். யார்டுக்காரர்கள் நாங்கள் பின்னால் நின்று ஒவ்வொரு மணிக்கும் பதில் ஜெபம் சொன்னோம். இருபத்துமூன்று முடிந்ததும் எங்கள் வாய் நின்றுவிட்டது. யாரும் சொல்லிவைக்கவில்லை. அந்த அமைதியில் பெட்டி டக், டக் என்றது.

"எண்ணிக்கினு கீறாரு" என்றார் அக்கா. பிறகு இருபத்துநான்காவதைத் தனியாகச் சொன்னார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தட்டலைத்தான். யார்டில் அதே அட்டையில் தட்டுகிறேன். இருபத்துமூன்றில் என் தோளும் குலுங்குகிறது. நிறுத்துவதில்லை.

அடக்கம் முடிந்த அன்றே அக்காவும் நானும் நேராக ஸ்டேஷனுக்குப் போனோம்.

"யாரு சேவியர்?" எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

அக்கா மேசைமேல் வெறுங்கையை நீட்டினார்.

"மாலையக் குடுங்க சார்."