அக்கா எதற்கு வந்தார்

மதுரையில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து நான் ராஜபாளையம் வீட்டுக்கு வந்த மறுவாரம், லீவு தீர்ந்து என் மகள் பெங்களூருக்குக் கிளம்பினாள். என் கணவர் காலையில் கடை திறக்கப் போனால் இருட்டித்தான் வருவார். பகலில் துணைக்கு யாரை வைப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மூத்த ஓரகத்தி கட்டைப் பையோடு வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுகாலம். மாமியாரின் காரியத்தன்று, படுக்கையில் கிடந்தவரை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பந்தியில் எல்லோரும் கேட்கச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் இப்போது என் கால்மாட்டில் உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவில் வைக்கும் தலையணையைச் சரிசெய்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வேலையில் குறை சொல்ல முடியாது. ரசம் வைத்தார், துணி அலசினார். ஆனால் அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை. பிசியோதெரபி செய்ய வரும் பெண் என் காலைத் தூக்கும்போதெல்லாம் அக்கா சமையலை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நிற்பார். நான் முகம் சுளிக்கிறேனா என்று என்னையே பார்ப்பார். தையலைக் காட்டச் சொல்வார். கக்கூஸில் உயரமான சீட்டில் உட்காரும்போது கதவுக்கு வெளியே நின்று, "வலிக்குதாட்டி?" என்பார். இல்லை என்பேன். நம்பியதாகத் தெரியாது.

ஒருநாள் பீரோவின் மேலிருந்த என் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் கொல்லையில் நின்று போனில் பேசியது கேட்டது. "நடக்கத்தான் செய்தா. ஆனா வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

யாரிடம் சொல்கிறார்? நான் எழுந்து நடமாட மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் பரப்பவா? அன்று படுத்தவளைப் பார்க்காதவள் இன்று படுத்துக் கிடக்கிறாள் என்று சொல்லிக் காட்டவா? என் கணவரிடம் சொன்னேன். "ஒத்தாசைக்கு வந்தவங்கள சந்தேகப்படாத" என்று முடித்துக்கொண்டார். அண்ணன் வீடு என்றால் அவர் எப்போதும் இப்படித்தான். அன்றிலிருந்து அக்கா கொடுக்கும் மாத்திரையை அட்டையைப் பார்த்துத்தான் விழுங்கினேன்.

ஒரு மதியம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். டக், டக் என்று வாக்கர் சத்தம். லேசாகக் கண்ணைத் திறந்தேன். என் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே ஒரு காலை முன்னால் வைத்து, மறுகாலை இழுத்து, அக்கா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். என்னை நடித்துக் காட்டப் பழகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, என்னக் கேலி பண்ணவா வந்திய?"

திடுக்கிட்டுத் திரும்பினார். வாக்கரை விடவில்லை.

"எனக்கும் மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாகட்டி. இடது பக்கம். தேர் முடியட்டும், அது முடியட்டும்னு தள்ளிக்கிட்டே இருக்கேன். மகன் போன்ல நச்சரிக்கான். உனக்கு எப்படி ஆகுதுன்னு கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுவம்னு வந்தேன்."

நான் அதையும் நம்பவில்லை. வாக்கரை விட்டுவிட்டு நடந்து காட்டச் சொன்னேன். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடப்பக்கம் சரிந்தது. இத்தனை நாள் அவர் பார்வையையே கவனித்த நான் நடையைக் கவனிக்கவில்லை. மாற்றுவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நடந்தேன். அதை யாரும் நடிக்க முடியாது.

"அப்போ என்னப் பாக்க வரல" என்றேன்.

"உன்னயத்தான பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பிறகு கட்டிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெசத்தச் சொல்லு. எப்படி வலிச்சுது?"

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வலியே இல்லை என்று சொல்லிவந்தேன். மகளிடமும் அப்படித்தான். அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை நிற்க வைத்தபோது நர்ஸின் கையைக் கீறியது, கக்கூஸ் சேருக்குப் போவதற்குள் சேலை நனைந்தது, குனிந்து ஒரு செருப்பை மாட்ட முடியாமல் அழுதது. எலும்போடு எலும்பு உரசும் பழைய வலி, மயக்கம் தெளிந்த அன்றே போய்விட்டது என்பதையும் சொன்னேன். இதைச் சொன்னபோதுதான் அவர் என் முகத்தை மிகவும் உற்றுப் பார்த்தார்.

ஆடி முடிந்ததும் அவருக்கும் செய்தார்கள். நான் கைத்தடியோடு காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். படுத்தபடியே என்னை முறைத்தார்.

"பாதியத்தான்ட்டி சொல்லிருக்க."

இல்லை என்று சத்தியம் செய்தேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்து நிற்க வேண்டிய நேரம் வந்தபோது, மகனை விலக்கிவிட்டு என் தோளைத்தான் பிடித்தார்.