கால் எட்டுகிற சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு சைக்கிள் வாங்கப் போனோம். கேம்ப் ரோடு தாண்டி, வேளச்சேரி சாலையில் ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிரோடு புது டயர் வாசனை வந்து மூக்கில் ஏறியது. இந்த வாசனை பிடித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, நான் ஒருத்தி. கடைக்குள் நுழைந்ததும் நின்று மூச்சை இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. "அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் இனியா.

இனியா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு மலை சைக்கிள்தான் வேண்டும். தடித்த டயர், கியர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், எல்லாம் இருக்க வேண்டும். செம்பாக்கத்தில் மலை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. குடிநீருக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர், கேபிளுக்கு ஒருவர் என்று முறை வைத்துத் தோண்டிய எங்கள் தெருவை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

சைக்கிள் விஷயத்தில் எனக்கு யாருடைய ஆலோசனையும் தேவைப்படுவதில்லை. மற்ற விஷயங்களில் நான் அப்படியில்லை. புடவைக் கடையில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடக் கருத்துக் கேட்பேன். ஆனால் பிள்ளைக்கு சைக்கிள் என்றால், முதலில் ஏறி நிற்கச் சொல்ல வேண்டும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் விரல் சுற்றி வர வேண்டும். பிள்ளையே தூக்கித் திருப்பி வைக்க முடிய வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அப்புறம் கலரை அவள் பார்த்துக்கொள்ளட்டும். பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த ஒன்றை இனியா ஆசையாகத் தடவினாள். தூக்கிப் பார் என்றேன். தூக்க முடியவில்லை. தானாகவே நகர்ந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

கடைப் பையன் நல்ல மாதிரி. எல்லாவற்றையும் இறக்கிக் காட்டினான். கடைசியில் இருபத்தாறு இன்ச் சக்கரம் வைத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். இனியா ஏறி உட்கார்ந்தாள். ஒரு காலின் பெருவிரல் நுனி மட்டும் டைல்ஸைத் தொட்டது.

"மேடம், இதையே எடுத்துக்கோங்க. சீட்ட இறக்கிக் குடுக்கிறேன். ரெண்டு வருஷத்துல வளர்ந்துடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிட்டத்தட்ட இதையேதான் என் அப்பாவும் சொன்னார்.

அப்பாவுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பெயின்ட், ஆணி, குழாய் விற்கிற கடை. தாத்தா காலத்தில் எங்களுடையது விவசாயக் குடும்பம். ஏரிப் பாசன நிலமெல்லாம் மனையாகிப் போய்விட, மிச்சமாகக் கிடைத்தது அந்தக் கடையும், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடும். முன்வீட்டில் பெரியப்பா குடும்பம், பின்வீட்டில் நாங்கள். நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் அப்பா எனக்கு சைக்கிள் வாங்கி வந்தார். நடுவில் குறுக்குக் கம்பி வைத்த, ஆண்கள் ஓட்டுகிற முழு அளவு சைக்கிள். வளர்கிற பெண்தானே, காலேஜ் வரைக்கும் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. ஆணி வாங்கினாலும் அரை இன்ச் கூடுதலாகவே வாங்கு என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவர், வேறு எப்படி வாங்குவார்?

ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஓட்டுவதில் சிரமமே இல்லை. நிறுத்துவதுதான் முடியாது. சீட்டில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். அதனால் ஏறுவதற்கு ஒரு மேடு வேண்டும், இறங்குவதற்கு இன்னொரு மேடு வேண்டும். ரேஷன் கடைப் படி, மாதா கோயில் மதில் ஓரத்துத் திட்டு, ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில் இருந்த சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் என்று என் ஊரே வேறு மாதிரி எனக்குள் பதிந்திருந்தது. தோழி வீடு எங்கே என்று யாராவது கேட்டால், பக்கத்தில் மேடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் ஞாபகம் வரும். மேடு இல்லாத வீடுகளில் எனக்குத் தோழிகளே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் காலை பள்ளிக்குப் போகும்போது நிறுத்தலாம் என்று ஒதுங்கினால், அந்தக் கட்டைச் சுவரின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கால் வைக்க இடம் இல்லை. வண்டி சாய ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு பெண் இரண்டே எட்டில் வந்து கேரியரைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னா பாப்பா, நீ சைக்கிள ஓட்டுறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?"

அதுதான் எஸ்தர் அக்கா. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர்கள் வீடு. அவள் அப்பா கொத்துவேலை. இந்த அக்கா சானடோரியம் ஸ்டேஷன் அருகே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனியில் வேலை பார்த்தாள். தைத்து வருகிற சட்டையில் பிசிறு நூலை வெட்டி, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நல்ல உயரம். அவள் கால் எட்டாத சைக்கிள் இனிமேல்தான் செய்ய வேண்டும். ஆனால் அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஏரிக்கரையில் விடியற்காலையில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். கற்றுக்கொடுத்தது என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியதுதான் என் பங்கு. ஆகாயத்தாமரை வாசனையும் ஈரமண் வாசனையுமாக இருக்கும் கரையில் அவள் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். சீக்கிரமே கற்றுக்கொண்டுவிட்டாள். அப்புறம் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. காலையில் அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்காருவேன். சிட்லபாக்கத்தில் என் பள்ளி. அங்கே என்னை இறக்கிவிட்டு அவள் கம்பெனிக்குப் போவாள். சாயங்காலம் நான் டியூஷன் முடிந்து நிற்கும்போது வந்து அழைத்துக்கொள்வாள். மேடு தேட வேண்டிய கவலை எனக்கு இல்லை, பஸ்ஸில் இடிபட வேண்டிய கவலை அவளுக்கு இல்லை. வழியெல்லாம் கம்பெனிக் கதை. வெளிநாட்டுக்காரர்களின் சட்டை அளவைச் சொல்வாள். ஒரே சட்டைக்குள் நாங்கள் ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணலாம் என்பாள்.

பெரியப்பா ஒருநாள் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் எங்களைப் பார்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெரியப்பா வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வூட்டு வண்டிய அந்தத் தெரு பொண்ணு ஓட்டிகினு போவுது. நம்ம பொண்ணு பின்னால குந்திகினு போவுது. ஊர்ல கேக்குறவனுக்கு நான் இன்னா சொல்றது?"

 அப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் எதிரில் பேசிப் பழகாதவர், அவ்வளவுதான். மறுநாள் காலை சைக்கிள் பூட்டிக் கிடந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில். நான் பஸ்ஸில் போனேன். பாலத்தடியில் எஸ்தர் அக்கா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.  பஸ் ஏறியதும், ஜன்னல் கம்பி ஓரத்தில் நின்றபடி என் பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.  பள்ளி நிறுத்தத்தில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கினேன்.

அந்த மாத முடிவில் ஒரு சாயங்காலம் அவள் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பெரியப்பா முன்வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா தலையை வெளியே நீட்டி யார் என்று பார்த்தாள்.

"பாப்பாவ பாத்து சொல்ட்டுப் போலாம்னு வந்தேங்க்கா. காலைல ஆறு மணி ஷிஃப்டு போட்டுட்டாங்க. அந்நேரத்துக்கு பஸ்ஸு கெடையாது. வேலைய வுட்டுடலாம்னு கீறேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். அந்த வேலை போனால் அவளுக்கு என்ன போகும் என்பதை நான் சொல்லி அம்மா அறிவாள். எஸ்தர் அக்காவின் தம்பி படிப்பு அந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. பெரியப்பா எதிரில் நின்று நேராகப் பேசி நான் பார்த்ததே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வரும். அன்றைக்கு அம்மா உள்ளே போனாள். ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டையிலிருந்து சாவியை எடுத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா வெளியே வந்து பூட்டைத் திறந்து, முந்தானையால் சீட்டைத் துடைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெரியப்பாவின் நாற்காலியைத் தாண்டி கேட் வரைக்கும் போனாள்.

"வெளிய ஏன் நிக்கிற எஸ்தர், உள்ள வா" என்றாள் முதலில். அவள் உள்ளே வந்த பிறகுதான் மீதியைச் சொன்னாள். "இத நீ எடுத்துட்டுப் போ. காலைல ஷிஃப்டுக்குப் போயிட்டு வா. சாயங்காலம் பொண்ண ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வந்துடு."

பெரியப்பா பேப்பரை மடித்தார். அன்றைக்குச் சொன்னதை மறுபடி சொன்னார். கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அவளுக்குக் கால் எட்டுது மாமா, இவளுக்கு எட்டல. எட்டுறவ ஓட்டட்டும். கேக்குறவங்கள என்கிட்ட அனுப்புங்க, நான் சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் அப்பா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.  அவர் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த காற்றடிக்கிற பம்பை எடுத்து வந்து சைக்கிள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். பல நாள் சும்மா நின்றதில் டயர் இறங்கியிருந்தது. முன்சக்கரம், அப்புறம் பின்சக்கரம். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம், அந்தப் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டும்மா" என்றார். என் அப்பாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வது.

கேட்கிறவர்கள் யாரும் அம்மாவிடம் வரவே இல்லை. பெரியப்பா மட்டும் வெகுநாள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. அம்மா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மாறாக ஒருநாள் எஸ்தர் அக்காவோடு ஏரிக்கரைக்குப் போய்த் தானும் ஓட்டிப் பார்த்தாள். புடவை செயினில் மாட்டி, சேற்றில் உட்கார்ந்து, இது போதும் என்று எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இத்தனை வருடம் காப்பாற்றிவிட்டேன், உங்களிடம்தான் சொல்கிறேன்.

எஸ்தர் அக்கா வேலையை விடவில்லை. அந்தக் கம்பெனியிலேயே ஒரு வரிசைக்குச் சூப்பர்வைசர் ஆனாள். தம்பி பாலிடெக்னிக் முடித்தான். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் பாலத்தடியில் வண்டியை நிறுத்தியவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா, உனக்குக் கால் எட்டுதே. இனிமே இது உன்னுது" என்றாள். அடுத்த வாரமே தனக்கென்று ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர்வலம் ஆரம்பித்தது. அவள் தெருவிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவளே ஏரிக்கரையில் சைக்கிள் கற்றுக்கொடுத்தாள். விடியும் முன்னே ஷிஃப்டுக்குப் போகிற அந்தப் பெண்கள் வரிசையாக எங்கள் தெரு வழியே வருவார்கள். ஈரத் தலையில் கனகாம்பரம், ஹேண்டில்பாரில் ஆடுகிற டிபன் தூக்கு, தெரு முழுக்கப் பேச்சும் சிரிப்பும். எங்கள் கேட் வந்ததும் எஸ்தர் அக்கா மணி அடிப்பாள். அவள் அடித்ததும் பின்னால் வருகிற எல்லோரும் அடிப்பார்கள். அம்மா அந்தச் சத்தத்தில்தான் எழுந்து பால் காய்ச்சுவாள். பெரியப்பா அந்த நேரத்துக்குத் தெருப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வார். கடைசிவரை அவர் அப்படித்தான்.

இனியாவுக்கு இருபத்துநாலு இன்ச் சைக்கிளே வாங்கினோம். அடுக்குமாடி வளாகத்துக்குள் இரண்டு பாதமும் ஊன்றி நின்று, புறப்பட்டு, நன்றாகவே ஓட்டுகிறாள். படத்தை எஸ்தர் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் கல்யாணமாகிப் படப்பைக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறாள். உடனே போன் பண்ணினாள். அவளுக்குக் கீழே நிறையப் பெண்களாம், செங்கல்பட்டிலிருந்துகூட வருகிறார்களாம். சைக்கிளில் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். "சைக்கிளா? எல்லாம் ஏசி வேன்மா. வூட்டு வாசல்லயே ஏத்திக்கிறாங்க" என்றாள். நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்று அவளும் சொன்னாள்.

இப்போது நாங்கள் இருக்கிற தெருவுக்கும் அப்படி ஒரு வேன் வருகிறது. விடியும் முன்னே பால் வாங்க இறங்கும்போது பார்ப்பேன். கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சத்தமில்லாமல் வந்து நின்று, சத்தமில்லாமல் போகிறது. உள்ளே எத்தனை பெண்கள், அவர்கள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.