மணல் கூடிய பாத்தி

அக்கா ஒரு கீரை இலையை நகத்தால் பிரித்துக் காட்டிய காலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒட்டடைபோல் நூல் கட்டியிருந்த மடிப்புக்குள் பச்சைப் புழு ஒன்று நெளிந்தது. அடுத்த இலையிலும் இருந்தது. எப்போதும் வாய் ஓயாதவள், அன்று இலை இலையாகப் பிரித்துக்கொண்டே போனாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. அறுபதுகளின் நடுவில் பனமலைப் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவளை அக்கா என்றே அழைத்தேன். மலையடிவாரத்தில் எங்கள் கிணற்றை ஒட்டி அரைக்கீரைப் பாத்திகள். கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி எனக்கு. நிலக்கடலை தவிர வேறு வெள்ளாமை அறியாத நான், பொடி விதை பரவி விழக் கலக்கும் மணலை அளவுக்கு மேல் அள்ளிக் கலந்து தூவிவிட்டேன். முளைத்தபோது அவள் பாத்தி பாய் விரித்ததுபோல் இருந்தது. என்னுடையதில் செடிக்குச் செடி ஒரு சாண், நடுவே வெறும் மண்.

"இன்னாடி இது, கீரை வெதச்சியா, கோலத்துக்குப் புள்ளி வெச்சியா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது.

புழு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் பாதி சல்லடையாகிக்கொண்டிருக்க, என் செடிகள் ஏறக்குறைய முழுசாக நின்றன. பக்கத்துக் கொல்லைக்காரி வாய்க்கால் கரையில் நின்று சொன்னாள்: "புதுசா வந்தவ கண்ணு பட்டுடுச்சு. இல்லாட்டி அவ பாதி மட்டும் எப்படித் தப்பிக்கும்?" அதைக் கேட்டபின் நான் கொல்லைக்கே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அக்காவும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்பதுதான் என்னை அரித்தது.

அவள் கணவர் பூச்சி மருந்துப் பொடியோடு வந்தபோது அவள் வரப்பில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாளாம். "நாலு நாள்ல அறுத்து விக்கப் போறது. யாரோ பெத்த புள்ள துன்னும். எடுத்துக்கினு போங்க." பிறகு அன்று காலை முழுதும் அங்கேயே இருந்து இரண்டு பாதிகளையும் பார்த்திருக்கிறாள். உச்சிவேளையில் வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"பாரு, உன் பாத்தியில மைனா நடந்துக்கினு பொறுக்குது. குளவி எல அடியில பூந்து பூந்து வருது. என் பாத்தியில அதுங்களுக்குக் கால் வெக்க எடம் இருக்குதா? காத்துகூடப் பூராது. கண்ணாவது, காதாவது!"

சொல்லிவிட்டுத் தன் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். மூன்றில் இரண்டு. கை கூசாமல் பிடுங்கினாள் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு பிடிக்கும் உதட்டைக் கடித்தாள். நானும் குனிந்தேன். பிடுங்கியதெல்லாம் மாட்டுக்குப் போனது. அடுத்த வாரம் அவள் பாதியிலும் மைனாக்கள் இறங்கின. போனது போனதுதான், முதல் அறுப்பு தேறவில்லை. மறு அறுப்பில் இலைகள் அகலமாக, ஓட்டையில்லாமல் வந்தன.

இடைவெளி விட்டால் புழு மறைய இடம் குறையும், அதைத் தின்பவை உள்ளே வரும் என்று இன்று யாரும் எனக்கு விளக்கிவிடலாம். அன்று அதைக் கண்டு சொன்னவள் பள்ளிக்கூடம் போகாதவள். தன் நஷ்டத்துக்கு என்னைக் காரணமாக்குவது அவளுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பதைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கீரையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோன அன்று அவள் நேர்வழியில் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கொல்லையைச் சுற்றிப் போய், கூடையை இறக்கி, உரக்கக் கூவினாள்: "என் தங்கச்சி கண்ணு பட்ட கீர! வேணுமா?"

களை எடுத்துக்கொண்டிருந்த கொல்லைக்காரி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். மண்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "ரெண்டு கட்டு குடு" என்றாள்.