ஐந்தருவியில் அக்காவும் எலியின் மூளையும்

ஜூலையில் சாரல் தொடங்கிவிட்டது என்று தென்காசியிலிருந்து அக்கா போன் செய்தாள். மூன்று வருடமாக அவளுக்கு வலிப்பு வரவில்லை. துணையோடு போனால் அருவியில் குளிக்கலாம் என்று டாக்டர் அப்போதுதான் சம்மதித்திருந்தார். குற்றாலத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் பதினாறு வயதுக்குப் பிறகு அவள் அருவியில் தலையைக் கொடுத்ததே இல்லை. துணைக்குத் தங்கை நான் பெங்களூரிலிருந்து கிளம்பினேன்.

ஆய்வுக்கூடத்தில் என் பிழைப்பு எலியின் மூளை. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் எவற்றால் ஆனவை என்று பார்ப்பது. ஒவ்வொரு ஏற்பியிலும் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையைக் காக்கின்றன. பெரும்பாலும் ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு, காமா ஒன்று. ஆல்ஃபாவில் மட்டும் ஆறு வகை. சிறுமூளையில் இருக்கும் சேர்க்கை வேறு, நினைவுப் பகுதியில் வேறு. எலிக்குட்டி வளர வளர அதுவும் மாறும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. அக்கா தினமும் போடும் மாத்திரை, ஆல்ஃபாவும் காமாவும் சேரும் இடுக்கில்தான் போய் உட்காருகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. அங்கிருந்து ஐந்தருவிக்கு ஆட்டோ பிடித்தோம்.

"தண்ணி நல்லா விழுதா அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

"அருமையா விழுது. கூட்டம் சேருததுக்குள்ள போயிருங்க," என்றார் டிரைவர்.

ஒரே பாறையிலிருந்து ஐந்தாகப் பிரிந்து விழும் தண்ணீரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பயம் வந்துவிட்டது. மாத்திரை போட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்று அவளைக் குடைந்தேன்.

"நான் என்ன ஒன் எலியாட்டி? இந்தக் கேள்வி கேக்க!"

பெண்கள் பக்கம் நல்ல நெருக்கம். எங்கள் வீட்டில் அவள் வலிப்பை வெளியே சொல்வதே இல்லை. அவளைப் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அக்காவோ முன்பின் தெரியாத பெண்ணிடம் சத்தமாகவே சொன்னாள்: "எனக்கு வலிப்பு உண்டுக்கா. கொஞ்சம் கையப் புடிச்சுக்கிடுதியளா?"

"அதுக்கென்ன, நான் இங்கன புடிச்சுக்கிடுதேன். ஏட்டி, நீ அங்கன புடி," என்றார் அந்தம்மா என்னிடம்.

தண்ணீர் தலையில் இறங்கியது. சற்று நேரத்தில் அக்காவின் தோள்கள் உதறின, பல் கிட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே இழுத்தேன்.

"விடுட்டி! குளுருது, அவ்வளவுதான்!" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அருவி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வலிப்பு உள்ளவர்களோடு போகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். காலை நேரமே நல்லது. மாத்திரையையும் தூக்கத்தையும் விடக்கூடாது. பக்கத்தில் நிற்பவரிடம் கூச்சப்படாமல் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

நான் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டப் போனேன். "இன்னொரு தடவ," என்று துண்டைப் பிடுங்கிப் பாறைமேல் போட்டாள். இந்த முறை அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.