ஏணி மேல் தொட்ட யானை

யெரெவானில் சவரக்கத்தி பிடித்தவர்கள் ஆயிரம் பேர். ஏணி பிடித்தவர் வாகினாக் ஒருவரே. மாஸ்கோவில் நம்ம ஆள் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு ஆடிய அந்த வசந்தத்தில், ஓபரா சதுக்கத்தில் நிறுத்திய இரண்டாள் உயரப் பலகையில் காய் மாட்டும் பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு நகர்வும் தொலைபேசியில் வரும். அவர் ஏறி மாட்டுவார். கீழே ஐயாயிரம் பேர், சூரியகாந்தி விதை கொறித்தபடி. இதற்கு முன்னால் அமைச்சர் பதவி எம்மாத்திரம் என்று சவரம் செய்யும்போது கேட்பார். கழுத்தில் கத்தி இருப்பதால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

பதினாறாம் ஆட்டத்தில் தொலைபேசி செத்தது. இருபது நிமிஷம். கூட்டம் நெளிந்தது.

“என்னய்யா வாகினாக், மேலயே தூங்கிட்டியா?” என்றாள் விதை விற்கும் சிர்வார்ட்.

நம்ம ஆள் என்ன ஆடுவார் என்பதில் வாகினாக்குக்குச் சந்தேகமே இல்லை. யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டுவார். எதிராளியின் குதிரையைக் கழற்றிவிட்டு அங்கே யானையை மாட்டினார். சதுக்கம் அதிர்ந்தது. “நம்ம ரத்தம்யா!” என்று ஒருவர் அழுதேவிட்டார்.

அப்போது தொலைபேசிக்கு உயிர் வந்தது. பலகைக்குப் பொறுப்பான அதிகாரி ஸாவென் வெளுத்த முகத்தோடு ஓடிவந்தார். “ராஜாவ ஒரு கட்டம் தள்ளியிருக்காரு, அவ்வளவுதான்! யானைய எடுத்துப் பழைய இடத்துல மாட்டு.”

“தொட்ட காய் நகந்தே ஆகணும், தோழரே.”

“நீ ஆட்டக்காரன் இல்லய்யா! காய் மாட்டுறவன்!”

“முப்பது வருஷமா ஒரு காயத் திருப்பி எடுத்ததில்ல, மாமனார்கிட்டகூட. இத்தன பேர் முன்னாடியா எடுப்பேன்?”

“அப்ப எறங்கு. இனிமே ஏணி உனக்கில்ல.”

வாகினாக் ஏணியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். இறங்கினார். ஸாவெனே ஏறி யானையிடம் கை நீட்டினார்.

“தொட்டா நகத்தணும்!” என்றன ஐயாயிரம் தொண்டைகள்.

ஸாவென் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

கடைசியில் பக்கத்துப் பள்ளியிலிருந்து இன்னொரு பலகை வந்தது. மாஸ்கோ ஆட்டம் அதில் நடந்து சமனில் முடிந்தது. பெரிய பலகையில் வாகினாக் மறுபடி ஏறித் தம் யானையோடு தொடர்ந்தார். எதிர்ப்பக்கத்தை ஊரே ஆடியது. இருட்டுவதற்குள் தோற்றார். அடுத்த ஆட்டத்துக்கு ஏணியில் ஏற வேறொருவரையும் கூட்டம் விடவில்லை.

“நீயும் ராஜாவத் தள்ளித் தொலச்சிருக்கலாம்ல?” என்றாள் சிர்வார்ட்.

“தள்ளியிருக்கலாம்,” என்றார் வாகினாக், மேலிருந்து. “ஆனா நான் தொட்டது யானைய.”